புரொப்பனால் ஒத்தை

புருல்சுன் என்றால் எங்கள் பேச்சில் 'திரும்பட்டும்' என்று பொருள். வீட்டில் வரிசையாக நான்கு பெண்கள் பிறந்து ஐந்தாவதும் பெண்ணாகவே வந்தபோது, அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று அவளுடைய அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டார். அடுத்தது ஆணாகத்தான் பிறந்தது. அதனால், புருல் என்று சுருக்கிக் கூப்பிடப்பட்ட அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெயர்கள்மேல் ஒரு பயமும் மரியாதையும் உண்டு. பெயர் என்பது வெறும் சத்தமில்லை, அது வேலை செய்யும் என்று நம்பினாள்.

தலைநகரத்துக் கல்லூரியில் அவள் வேதியியல் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அந்தப் பிரிவில்தான் விடுதியில் இடம் இருந்தது. ஆனால் இரண்டாம் வருஷம் ஆல்கஹால் பாடம் வந்தபோது ஆள் கிறங்கிப்போனாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தெருவில் அசான் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆல்கஹால்களின் உலகத்தில் அந்தக் குழப்பமே இல்லை. உருவத்தைப் பார்த்தால் பெயர் சொல்லிவிடலாம், பெயரைக் கேட்டால் உருவத்தை வரைந்துவிடலாம். உலகத்தில் இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைக்கிற இடம் ஒன்று இருக்கிறதே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

படிப்பு முடிந்த கையோடு நாரின் நகரத்துக்குப் பக்கத்து மலைக் கிராமமான காரா-புலூனுக்கு மருமகளாக வந்தாள். புருஷன் தாலாய் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் கணவாய்ப் பாதையில். மாமனார் பிரிம்குல் ஊர்ப் பள்ளிக்கூடத்து பாய்லருக்குக் கரி போடுகிறவர். மாமியார் பாத்மா. வீட்டுக்கு வந்து முக்காட்டு முடிச்சுகூடத் தளராத சமயத்தில் பாத்மா மருமகளை உட்காரவைத்து, அவள் வாயால் சொல்லக் கூடாத பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். புருஷனின் அண்ணன்மார், சித்தப்பன்மார் பெயரெல்லாம் தன் வாயாலேயே சொன்னாள். கடைசியில் தன் புருஷன் பெயர் வந்தபோது அவளாலேயே சொல்ல முடியவில்லை. அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள்.

"பிரிம்குல்," என்று கத்திவிட்டு அவன் ஓடிப்போனான்.

"காதுல விழுந்துச்சா? இனிமே அது உன் வாயில வரக் கூடாது," என்றாள் பாத்மா. "முழுசாவும் வரக் கூடாது, துண்டாவும் வரக் கூடாது."

துண்டில்தான் சங்கடம். எங்கள் மொழியில் ஒன்றுக்கு 'பிர்' என்று பெயர். பெயரின் தலையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது.

"அப்போ எப்படி எண்றது அத்தை?"

"ஒத்தை, ரெண்டு, மூணு. நான் இத்தனை வருஷமா எண்ணலையா? பட்டியில ஆட்டுக்குட்டி ஏதாவது குறைஞ்சு போச்சா?"

ஆட்டுக்குட்டி எதுவும் குறையவில்லைதான். புருலும் பழகிக்கொண்டாள். எங்கள் மருமகள்கள் எல்லோருக்கும் இது கைவந்த வித்தை. மாமனார் பெயரில் கல் இருந்தால் கல்லைக் 'கெட்டியானது' என்பார்கள், பால் இருந்தால் பாலை 'வெள்ளை' என்பார்கள். கேட்கிறவர்களுக்கும் புரியும். ஆனால் அவர்கள் யாரும் வேதியியல் டீச்சர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்புக்குக் கிடைத்தது பாய்லர் அறைக்கு அடுத்த அறை. ஹெட்மாஸ்டர் சுயுன்பெக் நல்ல மனசோடுதான் கொடுத்தார். பனிக்காலத்தில் மற்ற அறைகளில் மையே உறைந்துபோகும், பாட்டில்கள் வெடிக்கும், இங்கே சூடாக இருக்கும். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் வெந்நீர்க் குழாய் வரும். குழாயைச் சுற்றி அடைத்திருந்த சாந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் பெரியவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் புருல் சொல்கிற பாடம் அந்தப் பக்கம் கேட்கும்.

புருலுக்கு அந்த மனுஷன்மேல் ரொம்பப் பிரியம். காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நல்ல கண்ணாடிக் குடுவையைக் கை தவறிப் போட்டு உடைத்துவிட்டாள். சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வருவதற்குள் பிரிம்குல் வந்து நின்றார். "கரிச் சட்டியைத் தூக்கிட்டு இந்த வழியா வந்தேன், முழங்கை பட்டுடுச்சு," என்றார். அந்த வழியாக யாரும் கரி கொண்டுபோக மாட்டார்கள் என்று ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். இருந்தாலும் கிழவரைத் திட்டிவிட்டுப் போனார். பிரிம்குல் அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. காலையில் புருலின் கையுறைகளை வாங்கிக் குழாய்மேல் காயப்போட்டு வைப்பார். வகுப்பு முடிந்து அவள் வெளியே வரும்போது அவை சுடச்சுட இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷன் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது, முதன்முதலாக ஆல்கஹால் பாடம் எடுக்க நின்றாள் புருல். பலகையில் மூன்று கார்பனை வரிசையாக எழுதினாள்.

"இவங்க விருந்துல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கோங்க," என்றாள். "ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து கைகோத்துட்டு விருந்தாளியா வருது. அது யார் பக்கத்துல உட்காருதோ, அதைப் பொறுத்துதான் பேரு. எந்தப் பக்கம் இருந்து எண்றதுன்னு சண்டை வரும். விருந்தாளிக்குக் கிட்ட இருக்கிற முனையில இருந்து எண்ணணும். நடுவுல உட்கார்ந்தா புரொப்பனால்-ரெண்டு. ஓரத்துல உட்கார்ந்தா புரொப்பனால்..."

வாய் திறந்தபடி நின்றது. அந்தப் பக்கம் மண்வெட்டி கரியில் கரகரவென்று இழுபட்டது.

"...ஒத்தை," என்றாள்.

பிள்ளைகள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். பலகையில் அவள் 1 என்று எழுதினாள், வாயால் ஒத்தை என்றாள். எழுதுவதில் தோஷமில்லை, சொல்வதில்தான். புட்டனால்-ஒத்தை, பெண்டனால்-ஒத்தை என்று வகுப்பு பாட்டாகப் பாடியது. கேட்டவர்கள் யாரும் அதில் குற்றம் காணவில்லை, ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பரீட்சையில் எண்ணால்தான் எழுதுவார்கள், அதனால் தாளிலும் வெளியே தெரியவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின. புருலுக்கு ஒரு மகன் பிறந்தான், அவனையும் எண்ணப் பழக்க வேண்டியிருந்தபோது அந்த வேலையை லாரிக்கார அப்பனிடம் தள்ளிவிட்டாள்.

வினை நூர்ஸாத் வடிவத்தில் வந்தது. நூர்ஸாத் அவளுடைய மாணவிகளிலேயே கெட்டிக்காரி, வாயாடி. மாவட்ட வேதியியல் போட்டிக்குப் பள்ளிக்கூடமே அவளைத் தோளில் தூக்காத குறையாக அனுப்பிவைத்தது. அந்த வருஷம் கேள்வி தயாரித்தவர்களுக்கு என்ன புத்தி வந்ததோ, பெயர்களை எண்ணால் எழுதக் கூடாது, முழுக்க எழுத்தால் எழுது என்று கேட்டிருந்தார்கள். நூர்ஸாத் தயங்கவே இல்லை. அழகான கையெழுத்தில் புரொப்பனால்-ஒத்தை என்று எழுதினாள், புட்டனால்-ஒத்தை என்று எழுதினாள். ஏன் என்று அவளுக்கு ஒரு விளக்கமும் இருந்தது. ஓரத்துக் கார்பனுக்கு அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு கார்பன்தான் துணை, அதனால் அதற்குப் புத்தகப் பெயர் 'ஒத்தை', சுருக்கமாகத்தான் 1 என்று எழுதுகிறார்கள் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், யோசித்துத்தான் நினைத்திருக்கிறாள்.

திருத்தியவர்கள் கேலி செய்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். போட்டியில் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இப்படிச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் யார், அவரது பாடத்தை நேரில் பார்க்க வேண்டும், தகுதி இல்லையென்றால் வேதியியலை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

சுயுன்பெக் புருலைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வர்றது ரக்கியா அம்மா. கறாரான ஆளு. உன் பாடத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்லம்மா, எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிடு. ஒரே நாள். பெரியவருக்கு அன்னிக்கு லீவு கொடுத்துடறேன்."

"லீவு கொடுத்தா மட்டும் அவர் எனக்கு மாமனார் இல்லாம போயிடுவாரா ஸார்?"

"அப்போ வேலை போனா பரவாயில்லையா?"

வேலை போனால் பரவாயில்லை என்று எப்படிச் சொல்வாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த அறை மட்டும்தான். வீட்டில் அவள் மருமகள், தாலாய்க்குப் பெண்டாட்டி, பையனுக்கு அம்மா. பலகைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும்தான் புருல்சுன். வீட்டுக்குப் போகும் வழியில், ஆள் இல்லாத ஆற்றங்கரையில் நின்று சொல்லிப் பார்த்தாள். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது, திறக்க மறுத்தது. தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் வரவில்லை.

பாத்மாவிடம் சொன்னபோது அவள் ரொட்டி மாவை அடித்துப் பிசைந்துகொண்டே, "நானும்தான் சொன்னதில்லை. எனக்கு என்ன வேலை போயிடுச்சு?" என்றாள்.

"உங்களுக்கு வேலை எங்க அத்தை இருந்துச்சு, போறதுக்கு?"

"அதான் சொல்றேன். இல்லாதது போகாது."

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது?

பிரிம்குலிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் பெயரால் மருமகளின் வேலை போகப்போகிறது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் குதிரைச் சந்தையில் நூர்ஸாத்தின் அப்பன் அவரைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, உங்க பேரு எங்க பொண்ணோட பரிசை முழுங்கிடுச்சு," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பெரியவர் சிரிக்கவில்லை. குதிரையையும் பார்க்கவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, புருல் வகுப்பு முடித்து வரும்வரை பாய்லர் அறை வாசலில் நின்றார்.

"தாயி, உன் சாராயத்துக்கு நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

புருலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்காதவர்போல் தலைகீழாகக் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம் விளங்க வை. என் பேரு அதுல எங்க மாட்டிக்கிச்சுன்னு பார்க்கலாம்."

அவள் தரையில் மூன்று கரித்துண்டுகளை வரிசையாக வைத்தாள். அவருடைய தீப்பெட்டியை வாங்கி ஓரத்துத் துண்டோடு ஒட்டி வைத்தாள்.

"இதுங்கதான் கார்பன் மாமா. தீப்பெட்டி விருந்தாளி."

பிரிம்குல் யோசித்தார். தீப்பெட்டியை எடுத்து நடுத்துண்டுக்கு நகர்த்தினார். "இப்போ?"

"இப்போ வேற பேரு. புரொப்பனால்-ரெண்டு."

"ஆளு அதேதானே?"

"அதே மூணு கார்பன், அதே எட்டு ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன். உட்கார்ற இடம் மட்டும்தான் மாறியிருக்கு."

"இடம் மாறினதுக்காகப் பேரை மாத்துவாங்களா?"

"குணமும் மாறிடுது மாமா. ஓரத்துல உட்கார்ந்தா தொண்ணூத்தேழு டிகிரியில கொதிக்கும். நடுவுல உட்கார்ந்தா எண்பத்திரண்டுலயே கொதிச்சிடும்."

"நடுவுல உட்கார்றவன் சீக்கிரம் கொதிப்பான்," என்று தலையாட்டினார் பெரியவர். "ஊர்க் கூட்டத்துல பார்த்திருக்கேன்." பிறகு தீப்பெட்டியை அந்தப் பக்கத்து ஓரத்துக்குத் தள்ளினார். "அப்போ இது மூணா?"

"இல்ல மாமா. விருந்தாளிக்குக் கிட்ட இருக்கிற முனையில இருந்துதான் எண்ணணும். இந்தப் பக்கம் இருந்து எண்ணுங்க. இதுவும்..." அவள் நின்றாள்.

"இதுவும்?"

"ஒத்தைதான்."

பிரிம்குல் பல் போன வாயால் சிரித்தார். "ஆக எந்த ஓரத்துக்கு ஓடினாலும் நான்தான் அங்க உட்கார்ந்திருக்கேன்." சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "சொல்லிடு தாயி. நானே சொல்றேன், எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. என் உத்தரவுன்னு வெச்சுக்க."

புருல் முயற்சி செய்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். காது மடல்வரை சிவந்துபோனது.

"முடியல மாமா. வேலை போனா போகட்டும்."

"சரி, விடு. கை சில்லுனு இருக்கும், கையுறையை எடுத்துக்க," என்று மட்டும் சொன்னார். அவர் உத்தரவு கொடுத்தும் தன்னால் முடியவில்லையே என்பதுதான் புருலை அதிகமாக வாட்டியது. அவர் கேட்டதைக்கூடத் தர முடியாத மரியாதை என்ன மரியாதை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள்.

ரக்கியா அம்மாள் நரித்தோல் கழுத்துப்பட்டையோடு வந்தாள். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் சுயுன்பெக், மந்திரம் ஓதுகிறவர்போல உதட்டை அசைத்தபடி. பெரியவருக்கு லீவு கொடுக்கிற யோசனை பலிக்கவில்லை. "என்னை விட்டா இந்த பாய்லர் யாருக்கும் அடங்காது, வந்தவங்க குளிர்ல விறைச்சுப் போவாங்க," என்று சொல்லி அவர் வழக்கம்போல் வந்துவிட்டார்.

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. புருல் பலகையில் கார்பன்களை எழுதினாள், விருந்தாளியை உட்காரவைத்தாள். எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுதிவிட்டுக் கையால் காட்டலாம், பிள்ளைகளைச் சொல்லவைக்கலாம் என்று ஏதேதோ நினைத்திருந்தாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்," என்றாள் ரக்கியா. "முழுப் பேரும் வேணும்."

"நடுவுல இருந்தா புரொப்பனால்-ரெண்டு," என்றாள் புருல். "ஓரத்துல இருந்தா புரொப்பனால்..."

நின்றாள். வகுப்பும் மூச்சை நிறுத்தியது.

"பிர்," என்றது சுவர்.

ரக்கியா தலையைத் தூக்கினாள். "யாரது?"

"குழாய்ல காத்து மேடம்," என்றார் சுயுன்பெக்.

"காத்துக்கு எண்ணத் தெரியுதே."

புருலுக்கு முகமெல்லாம் வியர்த்தது. நிறுத்தினால் கெட்டது என்று அவசரமாக அடுத்ததற்குப் போனாள். "நாலு கார்பன் இருந்தா, புட்டனால்..."

"பிர்," என்றது சுவர், இந்தத் தடவை இன்னும் தெளிவாக. கிழவர் ஓட்டையில் வாயை வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவருக்கு வேதியியல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மருமகள் எங்கே நிற்கிறாளோ அங்கே தன் பெயர் என்று கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

ரக்கியா எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினாள். ஐந்து கார்பன் எழுதி, இடமிருந்து நான்காவதில் விருந்தாளியை வைத்தாள். "இது என்ன?" என்று வகுப்பைக் கேட்டாள். பிள்ளைகள் எண்ணட்டும் என்று புருல் பேசாமல் காத்திருந்தாள்.

"பிர்," என்றது சுவர்.

வகுப்பு வெடித்தது. நூர்ஸாத் எழுந்து ஓட்டையைப் பார்த்து, "இல்ல தாத்தா, இது ரெண்டு. வலது பக்கம் இருந்து எண்ணணும்," என்றாள். ரக்கியாவுக்கும் உதட்டோரம் ஒரு துடிப்பு வந்தது, அதை உடனே அடக்கிக்கொண்டாள்.

"பொண்ணு சரியாச் சொல்றா. பாடமும் பிள்ளைங்களுக்கு ஏறியிருக்கு," என்றாள். "ஆனா டீச்சர், உங்க வாயால வரணும். நாளைக்கு இந்தப் பிள்ளைங்க வெளியூர் போவாங்க, அங்க சுவரு பேசாது. சுவருக்கு நான் தகுதி எழுதித் தர முடியாது."

சொன்னதில் தப்பில்லை. புருலுக்கும் அது தெரிந்திருந்தது. நூர்ஸாத் ஏமாந்து வந்த அன்றே தெரிந்துகொண்டதுதான். தலை குனிந்து நின்றாள்.

கதவு திறந்தது. பிரிம்குல் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ரக்கியாவுக்கு சலாம் சொன்னார். பிறகு மருமகளிடம் திரும்பினார்.

"தாயி, நீ என்னைக் கூப்பிடப் போறியா, அந்தச் சாராயத்தைக் கூப்பிடப் போறியா?"

"சாராயத்தை மாமா."

"அப்புறம் எனக்கு என்ன வந்துச்சு?"

கையிலிருந்த காதுமூடிக் குல்லாவைத் தலையில் மாட்டினார். இரண்டு மடலையும் இறக்கிக் காதை மூடி, நாடாவைத் தாடைக்குக் கீழே நிதானமாக முடிச்சுப் போட்டார். அதன்மேல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், தண்டனை கிடைத்த பையன் நிற்பதுபோல.

யாரும் சிரிக்கவில்லை. புருல் அந்த முதுகைப் பார்த்தாள். கரித்தூள் படிந்த சட்டை, தோளில் அவளே போட்ட ஒட்டு. தன்னால் முடியாததை இந்த மனுஷன் தனக்குச் சுலபமாக்கித் தரப் பார்க்கிறாரே, இதற்கு மேலும் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது?

"புரொப்பனால்," என்றாள். மூச்சு வாங்கினாள். "பிர்."

குரல் உடைந்திருந்தது. மறுபடியும் சொன்னாள். "புரொப்பனால்-பிர். புட்டனால்-பிர். பெண்டனால்-பிர்." கன்னத்தில் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்காமல் ஒவ்வொன்றாகப் பலகையில் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பிள்ளைகள் கூடவே சொன்னார்கள், மெதுவாக.

"திரும்பலாமா?" என்று பெரியவர் காது மூடியவர்களுக்கே உரிய உரத்த குரலில் கத்தினார்.

வேலை போகாமல் தப்பியது. ரக்கியா கிளம்பும்போது புருலின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். நூர்ஸாத்துக்குப் போன பரிசு திரும்பி வரவில்லை. புருல் அவள் வீட்டுக்கே போய், தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள்.

தன் வீட்டில் அவ்வளவு லேசில் முடியவில்லை. புருல் சாயங்காலம் வருவதற்குள் செய்தி வந்திருந்தது. அவள் மாமனாருக்கு முன்னால் மூன்று தடவை குனிந்து வணங்கினாள். "நல்லா இரு, நீண்ட ஆயுசா இரு," என்று அவர் வாய் நிறைய வாழ்த்தினார். பாத்மா ஒரு சொல் பேசவில்லை. மருமகள் கைக்குக் கெண்டி போவதற்கு முன்பே தானே டீ ஊற்றி, அவள் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி வைத்தாள். எங்கள் பக்கத்தில் மதிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். நிரப்பி வைத்தால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். மறுநாளும் அப்படியே நிரப்பினாள், அதற்கு அடுத்த நாளும். புருல் கை சுடச்சுட அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தாள். தாலாய் வந்து சமாதானம் பேசினான், அவனுக்கும் ஒரு நிறைகிண்ணம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியாரும் மருமகளும் போர்சோக் என்கிற எண்ணெய்ப் பலகாரம் சுடுவதற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். பெரியவர் சாப்பிட்டுவிட்டு உள் அறையில் கண்ணயர்ந்திருந்தார். பாத்மா மாவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது அத்தை?"

"சொன்னியாமே. வாயில எப்படி இருந்துச்சு?"

இத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. புருல் மாவிலிருந்து கையை எடுத்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"முதல்ல பயமா இருந்துச்சு அத்தை. சொன்னப்புறம், இவ்வளவு சின்னச் சொல்லா, இதுக்கா இவ்வளவு பயந்தோம்னு இருந்துச்சு. அப்புறம் அழுகை வந்துடுச்சு."

"ஏன் அழுதே?"

"தெரியல. அவரை நிஜமா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

பாத்மா மாவுத் துண்டுகளை வரிசையாக அடுக்கினாள். "நிச்சயம் பண்ணினப்போ எனக்குப் பதினேழு வயசு," என்றாள். "மேய்ச்சல் காட்டுல என் சிநேகிதிங்களோட உட்கார்ந்துக்கிட்டு அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். மலையில எதிரொலி வரும், அதைக் கேட்டு இன்னும் கத்துவேன். கல்யாணத்தன்னிக்கு விட்டது. இப்போ நாக்கு எங்க மடங்கும், எங்க நிமிரும்னே மறந்து போச்சு."

பாத்மா உள் அறைக் கதவைப் பார்த்தாள். மாவுக் கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், யாரோ பெரியவர்கள் முன்னால் போகிறவள்போல. உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது. ரொம்ப மெதுவாக, கேள்வி கேட்பதுபோல.

"பிரிம்குல்?"

உள் அறையில் கட்டில் அசைந்தது. தூக்கக் கலக்கத்தில் பெரியவரின் குரல் வந்தது, அது பெரியவரின் குரல் மாதிரியே இல்லை.

"வர்றேம்மா."

புருல் மாமியாரைப் பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு பெண் குரல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய அம்மா இருந்தபோதுதான். அவள் மண்ணுக்குள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாத்மாவுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கியவள், அதை மறுபடி மாவிலேயே வைத்தாள்.

"மெதுவா வாப்பா," என்றாள் உள் அறையைப் பார்த்து. "அவசரமில்ல."